நாற்பத்து நான்கு இஞ்ச் பெல்ட்

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் கொழுந்தியாள், அதாவது நீங்கள் "கதவிடுக்கு" என்று பெயர் வைத்த நான், எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் குழந்தையும் நலம். அந்த வரிசையில் அக்காவை விட்டது மறதியால் அல்ல. அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கொஞ்சம் நலமில்லாமல் இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் அக்காவுடையது. தவிர, கல்யாணமாகி இந்த இரண்டு வருடத்தில் உங்களிடம் நான் பேசியது மொத்தம் மூன்று பேச்சு: "வாங்க", "அக்கா குளிக்கிறா", "இல்ல, எனக்கு வேணாம்". மற்ற நேரமெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் நீங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் பேனா எடுத்தால் நான் வேறு ஆள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கட்டுரையில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். அதை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது நான் எழவே இல்லை என்பதால் பாதியைக் குறைத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். இந்தத் தாள் நான் வேலை பார்க்கும் தையல் கடையின் அளவு நோட்டின் நடுத்தாள். உயரம், மார்பு, இடுப்பு, கை என்று கட்டம் போட்டிருக்கும். அதையெல்லாம் பார்க்க வேண்டாம், எழுத்தை மட்டும் படியுங்கள். இடுப்பு என்ற கட்டத்தை வேண்டுமானால் பாருங்கள், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பதினைந்து நாளாக நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அம்மா போனை எடுத்து, "குழந்தை தூங்குது மாப்பிள்ளை, பக்கத்துல இவளும் கண்ணசந்துட்டா" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். உலகத்தில் எந்தக் குழந்தையும் பதினைந்து நாள் தூங்காது மாமா. அதை நீங்கள் நம்பி, "சரி, எழுப்ப வேணாம்" என்று சொன்னதுதான் எங்களுக்கு ஆச்சரியம். அக்கா தூங்கவில்லை. பக்கத்திலேயே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காரணம் நீங்கள் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பார்சல்.

அந்தப் பார்சலைப் பிரித்தது நான்தான். சுற்றியிருந்த காக்கித் தாள் நல்ல கனமான தாள், ஒரு கிழிசல்கூட இல்லாமல் பிரித்து, அப்படியே நாலாக மடித்துக் கடைக்கு எடுத்துப்போகத் தனியாக வைத்துவிட்டேன். துணியை வெட்டுமுன் தாளில் அளவு வெட்டிக்கொள்வோமே, அந்தப் பேப்பர் கட்டிங்குக்கு அந்த மாதிரித் தாள் லேசில் கிடைக்காது. உங்கள் பார்சலில் நான் பாராட்டக்கூடியது அது ஒன்றுதான். உள்ளே மேலாகக் குழந்தைக்கு இரண்டு சட்டை, ஒரு தொப்பி. தொப்பி பெரிசு, பரவாயில்லை, தலை வளரும். எல்லாவற்றுக்கும் அடியில், கறுப்பாக, பாம்பு சுருண்ட மாதிரி ஒரு பெல்ட். இடுப்பில் இழுத்துச் சுற்றி வெல்க்ரோ ஒட்டுகிற இலாஸ்டிக் பெல்ட். பிள்ளை பெற்று ஆறு வாரமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டிலிருந்து வரும் பொருளா அது?

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நீட்டினாள். நீட்ட நீட்ட வந்துகொண்டே இருந்தது. என் கழுத்தில் எப்போதும் டேப் தொங்குமில்லையா, அளந்தேன். நாற்பத்து நான்கு இஞ்ச். ஒன்பதாம் மாதத்தில்கூட அக்கா நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை மாமா, வாரம் தவறாமல் அளந்தவள் நான். இப்போது முப்பத்து நான்கு.

"என்னை இவ்ளோ பெருசான்னா நெனச்சிட்டு இருக்காரு?" என்றாள் அக்கா.

"ஆம்பளைங்களுக்கு அளவு தெரியுமாடி?" என்றார்கள் அம்மா. "தொப்பியப் பாரு, பெரிய ஆளு தலைக்கே போடலாம்."

"பழசு வேற. வெல்க்ரோ பிஞ்சு தொங்குது. வேர்வை வாசம் அடிக்குது."

அங்கேயாவது அம்மா பேசாமல் இருந்திருக்கலாம். "யாராவது கட்டி வயிறு இறங்கினதா இருக்கும். ராசியான பெல்ட்டுன்னு கேட்டு வாங்கியிருப்பாரு. அவளுக்கு இறங்கின மாதிரி உனக்கும் இறங்கட்டும்னுதான்."

"எவ அவ?" என்றாள் அக்கா.

பெல்ட்டின் உள்பக்கம் பட்டை பேனாவால் பதினேழு என்று எழுதியிருந்தது. பதினேழு நாள் கட்ட வேண்டும் என்று அர்த்தம் என்றார்கள் அம்மா. சத்தம் கேட்டு இறங்கிவந்த மாடி வீட்டு அத்தை, நாளாவது ஒன்றாவது, பதினேழு வாரம் என்றார். பிறகு யோசித்து, "இல்லன்னா இதுவரைக்கும் பதினேழு பேர் கட்டியிருப்பாங்க" என்றார். அன்றிலிருந்துதான் குழந்தை தூங்க ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் அக்கா பெல்ட்டை என்னிடம் நீட்டி, "இதை என் அளவுக்குப் பிடிச்சுக் குடு" என்றாள். எதுக்குக்கா என்று கேட்டேன். "அவருக்கு வேண்டியது இதுதானே? கட்டிக் காட்டுறேன்" என்றாள். அவள் அப்படிப் பல்லைக் கடித்துப் பேசும்போது எதிர்த்துப் பேச எனக்கு வராது, கதவும் பக்கத்தில் இல்லை. கடைக்கு எடுத்துப்போய் நடுவில் பன்னிரண்டு இஞ்சை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து மூன்று ஓட்டம் தையல் போட்டு, புது வெல்க்ரோ வைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது. "என்னது அது, எருமைக்கு ஜாக்கெட்டா?" என்று கேட்டார் கட்டிங் மாஸ்டர். "எங்க மாமா அனுப்பினது" என்றேன். அவர் உடைந்த ஊசியைப் பார்த்தார்.

நான்கு நாள் கட்டினாள். விடிந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டினால், விளக்கு வைக்கும்போதுதான் அவிழ்ப்பாள். குனிய முடியாது, அதனால் குழந்தையை எடுத்து மடியில் கொடுக்க ஆள் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட முடியாது, அதனால் பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள். ஐந்தாம் நாள் தும்மினாள். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விரிப்பைத் துவைத்து வெயிலில் போட்டோம். பழியைக் குழந்தையின் மேல் போட்டோம்.

அந்த விரிப்பு காய்வதற்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா வந்துவிட்டார். நர்ஸம்மாவை உங்களுக்குத் தெரியாது. குள்ளமாக, கையில் பெரிய பையோடு வருவார், குரல் மட்டும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஊசி போட்டு முடித்துவிட்டு அக்காவைப் பார்த்து, "என்னம்மா விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க? போர்டு வச்சுக் கட்டின மாதிரி?" என்றார். அம்மா பெருமையாக அக்காவின் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார்கள். நர்ஸம்மா ஒரே இழுப்பில் வெல்க்ரோவைப் பிரித்தார். நான் வைத்த வெல்க்ரோ, சுலபத்தில் வராது, அவருக்கு வந்துவிட்டது.

"ஒன்பது மாசமா ஏறினது ஒன்பது நாள்ல இறங்கிடுமா? யார் கட்டச் சொன்னது இவ்ளோ இறுக்கமா?"

"வீட்டுக்காரர் அனுப்பினாரு" என்றாள் அக்கா.

"அவருக்கு எத்தனை புள்ள பொறந்துச்சு? பேஸ்ட் டியூப நடுவுல அமுக்கினா என்ன ஆகும்? கீழதானே தள்ளும். தும்மும்போது தெரிஞ்சிருக்குமே?"

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குழந்தையைத் திரும்பிப் பார்த்தோம்.

பிறகு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு இடுப்பு வயிறு பற்றியெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பிள்ளை பிறந்த அன்று கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துக்கு இருக்குமாம். பிறகு நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் இறங்கி இறங்கி, ஆறு வாரம் போனால் தன் பழைய இடத்தில் பழைய அளவில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அக்காவுக்குப் பால் கொடுக்கும்போது முதல் வாரத்தில் சுருக் சுருக்கென்று வலித்ததே, அது இறங்குகிற வலிதான். ஆக உள்ளே இருக்கிறது தன் வேலையை யாரும் சொல்லாமலே செய்துவிட்டது, ஒரு பெல்ட்டும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது தோலும் சதையும். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பக்கச் சதையும் சேருகிற இடம், பிள்ளை வளர இடம் விட்டு விலகியிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிட்டே வரும். எவ்வளவு வந்திருக்கிறது என்று விரலால்தான் பார்ப்பார்களாம்.

அக்காவை மல்லாத்திப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லித் தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தார். "ரெண்டரை விரல்" என்றார். என்னை வைத்துப் பார்க்கச் சொன்னார், எனக்கு மூன்றரை வந்தது. மாடி வீட்டு அத்தையும் நடுவில் புகுந்து வைத்துப் பார்த்தார், அவருக்கு ஒன்றரைதான். "பாத்தியா, என் கைராசி, அதுக்குள்ள சேந்துருச்சு!" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் அந்நியர் முன்னால் வாய் திறக்காதவள், அது உங்களுக்கே தெரியும். ஆனால் அளவு விஷயத்தில் தப்பு நடந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. "அது கைராசி இல்ல அத்தே, விரல் தடிமன். எங்க கடையில ரெண்டு விரல் லூஸ்னா மாஸ்டர் விரல். ஆளாளுக்கு விரலை வச்சா சட்டை யாருக்கும் சேராது" என்றேன். அக்கா படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றார் நர்ஸம்மா. "வாரத்துக்கு ஒருதரம், ஒரே ஆளோட விரல்ல பாக்கணும். நீயே பாரு. உன் கணக்குல மூணரை." இப்படியாக மாமா, இந்த வீட்டில் எனக்கு முதல்முறையாக ஒரு பதவி கிடைத்திருக்கிறது. நான்தான் விரல்.

பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்திருக்கும்போது விருட்டென்று எழாமல் ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குழந்தையைவிடக் கனமான எதையும் இப்போதைக்குத் தூக்கக் கூடாது. ஒரு வாரம் அக்கா இதை ஒழுங்காகச் செய்தாள், பக்கத்திலேயே மாடி வீட்டு அத்தையும் படுத்துக்கொண்டு செய்தார், அவருக்குக் கடைசிப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நேற்று பார்த்தேன். மூன்றே மூன்று விரல். அரை விரல் கிட்டே வந்திருக்கிறது. தும்மலும் பயமில்லாமல் வருகிறது.

நடுவயிற்றில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதே, அது சில மாதத்தில் மங்கிவிடுமாம். பக்கங்களில் இருக்கும் வரிகள் வெளுக்குமே தவிர முழுதாகப் போகாதாம். அதைக் கேட்டு அக்காவின் முகம் சுருங்கியது. எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஊசித் துளை தெரியத்தான் செய்யும், எவ்வளவு நல்ல துணியானாலும் தெரியும். அதனால் துணி கெட்டுவிட்டது என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. உடம்பு இலாஸ்டிக்கும் இல்லை. இலாஸ்டிக் ஒருமுறை விட்டால் விட்டதுதான். உடம்பு திரும்பி வருகிறது, நான் விரல் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், வருகிறது. ஆனால் யாருடைய அவசரத்துக்கும் வராது.

இவ்வளவும் சரியாகிவிட்டதே, பிறகு எதற்குக் கடிதம் என்றால், ஒன்றாம் தேதிக்காகத்தான். ஒன்றாம் தேதி அக்காவும் குழந்தையும் அங்கே வருவதாக நீங்கள் வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். அக்கா வரமாட்டாள் என்கிறாள். முந்தாநாள் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, கல்யாணத்துக்கு முன் நான் முதன்முதலாகத் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கீழ்ப் பொத்தான் இரண்டும் எட்டவில்லை, என் விரலுக்கு நான்கு விரல் இடைவெளி. என்னைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நர்ஸம்மா சொல்றதெல்லாம் சரிதாண்டி. ஆனா அவருக்கு என்ன வேணும்னு அவரே பார்சல் கட்டி அனுப்பிட்டாரே. இந்த வயித்தோட அங்க போய் அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்று சொல்லி, சத்தம் வராமல் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை அப்போது உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

அதனால் மாமா, நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள், தயவுசெய்து என்று போட்டிருப்பது மரியாதைக்காக. அடுத்தமுறை கூப்பிடும்போது அம்மா குழந்தை தூங்குகிறது என்றால், எழுப்புங்கள் என்று சொல்லுங்கள். அக்கா வந்ததும், அந்த பெல்ட்டை அனுப்பியது தப்பு, நீ எந்த அளவில் இருக்கிறாயோ அந்த அளவிலேயே வா என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், "ஆரோக்கியத்துக்காக" என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். பயணத்துக்கு அவளுக்கு ஒரு புதுச் சட்டை இன்று வெட்டப்போகிறேன். பக்கத் தையலுக்குள் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இஞ்ச் துணி விட்டுத் தைப்பேன், பிடிக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம். என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அது. மீதி உங்கள் கையில்.

பெல்ட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அவ்வளவு நல்ல பொருள் என்றால் நீங்களே கட்டிக்கொண்டு பாருங்கள்.

அம்மா உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். மாடி வீட்டு அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், எதை விசாரித்தார் என்பதை எழுதவில்லை. குழந்தை விசாரிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும், கிடைத்த பிறகாவது யோசித்து நடந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கதவைவிட்டு வெளியே வந்திருக்கும்
கதவிடுக்கு

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சட்டை வெட்ட உட்கார்ந்தேன். பார்சலில் வந்த உங்கள் காக்கித் தாளைப் போன வாரமே முன்பாகம், பின்பாகம், கை என்று பேப்பர் கட்டிங் வெட்டி வைத்திருந்தேன். கோடு போட்ட பக்கம்தான் எப்போதும் மேலே இருக்கும். இன்றைக்குச் சட்டைக் கைக்கு வெட்டிய துண்டைத் திருப்பிப் போட்டால், அடியில் உங்கள் கையெழுத்து. "வெல்க்ரோ பிய்ந்துவிட்டது, தைத்துக் கொடு" என்று இருந்தது. மூன்று துண்டையும் மேசையில் சேர்த்து வைத்துப் படித்தேன்.

"கதவிடுக்கு, இந்தத் தாளை நீதான் கடைக்கு எடுத்துப்போவாய் என்று தெரியும், அதனால்தான் உள்ளே எழுதுகிறேன். இது நான் குடோனில் பெட்டி தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட். என் நம்பர் பதினேழு. வெல்க்ரோ பிய்ந்துவிட்டது, தைத்துக் கொடு. மேற்பார்வை வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன், உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உன் அக்காவை ஒன்றாம் தேதிக்கு எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்." அதற்குக் கீழே ஒரு வரி கை வளைவில் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அது எனக்கு எழுதியதாக இருக்காது.

தாளை எடுத்துப்போவேன் என்று சரியாகக் கண்டுபிடித்த உங்களுக்கு, வெட்டுவதற்கு முன் அதைப் படிக்கமாட்டேன் என்று தோன்றவில்லையே.

வீட்டுக்கு ஓடிவந்து மூன்று துண்டையும் அக்காவின் மடியில் பரப்பினேன். அவள் இரண்டு முறை படித்தாள். "நாப்பத்து நாலு அவரு இடுப்பா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நர்ஸம்மா சொன்னபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்தாள். பதினைந்து நாளில் அவள் அந்த வயிற்றை மறைக்காமல் பிடித்தது அப்போதுதான். சிரித்து முடித்த பிறகு, "பெட்டியா தூக்குறாரு?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குள் அம்மா எட்டிப்பார்த்தார்கள், கடைமாறி வந்த பெல்ட் என்று சொல்லிவிட்டோம். இப்போது அவள் உங்களோடுதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், கையால் வேண்டாம் என்று சைகை காட்டினாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நீங்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்திருப்பீர்கள், அவள் சொல்லமாட்டாள், இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நாற்காலி என்று நான் எழுதிய வரியை மட்டும் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. பெல்ட் இப்போது முப்பத்திரண்டு இஞ்ச். வெட்டிய பன்னிரண்டு இஞ்சும் மாஸ்டரின் முக்காலிக்கு மெத்தையாகிவிட்டது, அவர் எழுந்திருக்க மறுக்கிறார். அதனால் புது பெல்ட் வரும்வரை பெட்டி தூக்க வேண்டாம். இல்லையென்றால் பன்னிரண்டு இஞ்ச் குறைக்கப் பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே தொப்புளை உள்ளே இழுக்க வேண்டும். விரல் வைத்துப் பார்க்க அங்கே ஆளில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒன்றாம் தேதி அக்கா வருகிறாள்.